ஜன்னலுக்கு ஜன்னல்

டெல்மர் சாவியைத் திருப்பிவிட்டு வலது காலால் ஓங்கி மிதித்தார். வெறும் தரைதான் மிதிபட்டது.

காலால் மிதித்துக் கிளப்புவது அவருடைய ஷெவர்லே. இது ஆர்லோவின் ஃபோர்டு. இதற்குப் பொத்தான்.

நல்லவேளை, பார்த்துச் சிரிக்க ஆர்லோவின் முற்றத்தில் யாரும் இல்லை. போன மாதம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்லோ இறந்துபோனார். இன்று ஏலம். கலப்பையிலிருந்து காப்பிக் கெண்டிவரை ஆளுக்கொன்றாய் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒமாஹா நகரத்திலிருந்து வந்தவன் இந்த ஃபோர்டு பிக்கப் வண்டியை ஏலத்தில் எடுத்து, தன் ஓட்டல் வாசலில் நிறுத்திப் பூந்தொட்டி அடுக்கப்போகிறானாம். அதைக் கேட்டதும் டெல்மரின் கை ஏலம் கேட்கத் தானாக உயர்ந்தது.

“டெல்மரு, இந்தக் குளிர்ல ஈகூடக் கிடையாதே, கைய எதுக்குத் தூக்குறே?” என்றார் ஏலக்காரர். கூடியிருந்த ஊரே சிரித்தது. வண்டியும் அவருக்கே விழுந்தது. சிரிக்காதா பின்னே?

இரண்டுமே இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டில், ஒரே வசந்தத்தில் வாங்கிய வண்டிகள். ஆர்லோவுக்கு எட்டு சிலிண்டர் ஃபோர்டு, இவருக்கு ஆறு சிலிண்டர் ஷெவர்லே. அன்றிலிருந்து தினமும் காலையில் மண்சாலை நடுவே எதிரும் புதிருமாக, ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்தி வாய்ச்சண்டை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கமாட்டான். புல்லில் இறக்கி ஒதுங்கிப் போவான்.

உன்னுடையது வெயிலில் கொதிக்கும் என்பார் டெல்மர். உன்னுடையது மேட்டில் முக்கும் என்பார் ஆர்லோ. உறைபனியில் உன் ஃபோர்டு ஒரே அழுத்தில் கிளம்பட்டும், என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று டெல்மர் சவால்கூட விட்டிருந்தார்.

ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போனதே இல்லை. ஆனால் மனைவி இறந்த பிறகு, டெல்மர் நாள் முழுக்கப் பேசிய பேச்சே அந்த ஜன்னலோடு சரி.

பொத்தானைத் தேடி அழுத்தினார்.

ஒரே அழுத்து. கிளம்பிவிட்டது.

“சனியனே” என்று மீசையைத் தடவிக்கொண்டார். இதைப் பார்க்க ஆர்லோ இல்லையே.

சாலைத் திருப்பத்தில் அவருடைய ஷெவர்லே தனியாக நின்றது. காலையில் முற்றத்தில் இடமில்லாமல் அங்கேயே விட்டிருந்தார். பழக்கதோஷம், நேரே அதன் பக்கத்தில் போய், ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை இறக்கினார்.

இந்தப் பக்கத்திலிருந்து தன் வண்டியை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஆர்லோ தினமும் கேட்பதை அவரே கேட்டார்.

“இந்தத் தகர டப்பா இன்னும் ஓடுதாடா?”

பதில் தெரியும். சுடச்சுட வாய்வரை வந்தும் விட்டது. ஆனால் அது ஷெவர்லேயில் உட்கார்ந்திருப்பவன் சொல்லவேண்டிய பதில்.

இறங்கி, அந்தப் பக்கம் போய் ஏறிச் சொல்லலாம்தான். சொன்னால், கேட்க இந்தப் பக்கம் ஆள் இருக்காது.