வரிக்குதிரையின் பின்பாதி

"பின்காலா? என் பொண்ணு பின்காலா?"

மண்டபக் கதவில் ஒட்டியிருந்த தாளை லோரெய்ன் மூன்றாவது முறையாகப் படித்தாள். சிறுவர் நாடகக் குழுவின் இந்த வருஷத்து இசை நாடகம், 'ஏழு வண்ண வரிக்குதிரை'. யாருக்கு என்ன வேஷம் என்று வரிசையாக எழுதியிருந்தது.

வரிக்குதிரை, முன்பாதி: க்ளெம். பின்பாதி: டெஸ்ஸா.

பன்னிரண்டு வயது டெஸ்ஸாவைப்போல் பாட அந்த ஊரில் ஆள் கிடையாது. நாலு வருஷமாகப் பாட்டு வகுப்பு. அந்தக் குரலைக் கொண்டுபோய், ரெண்டு பேர் புகுந்துகொள்ளும் வரிக்குதிரைத் துணிக்குள், இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் மூடுவதா?

இயக்குநர் வெர்னா உள்ளே நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் வெர்னா, உனக்குக் காது கேக்குதா இல்லையா? க்ளெம் பாடினா எங்க வீட்டு நாய் கட்டிலுக்கடியில போய் ஒளியுது. அவன் முன்னால, என் பொண்ணு பின்னாலயா?"

"பின்காலுக்குத்தான் தாளம் தெரிஞ்ச ஆள் வேணும், லோரெய்ன்."

"முகமே தெரியாதே! டுலூத்லேர்ந்து எங்கப்பா மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டு வர்றார். எதைப் பாக்க? வாலையா?"

"வால் நல்லா இருக்கும். நானே தைக்கிறேன்."

"க்ளெம் உன் அக்கா பையன். அதானே விஷயம்?"

வெர்னா இன்னொரு நாற்காலியை விரித்தாள்.

அடுத்த ஆறு வாரமும் லோரெய்ன் சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடையில், தேவாலயத்தில், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டேகூட, வெர்னா சொந்தக்காரப் பையனைத் தூக்கிவிட்ட கதையைச் சொன்னாள்.

பெற்றோர் ஆளுக்கொரு வேலை செய்தாக வேண்டும் என்பது குழுவின் விதி. அவள் பங்குக்கு வந்தது, வரிக்குதிரைக்கு வண்ணம் தீட்டும் வேலை. பின்பாதிக்கு மூன்று பூச்சு பூசினாள். முன்பாதிக்கு ஒன்று.

"விடும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் டெஸ்ஸா.

பாவம், வருத்தத்தைக் குழந்தை எப்படி மறைக்கிறது பார் என்று லோரெய்ன் கண்கலங்கினாள்.

நாடக நாளும் வந்தது.

முதல் வரிசை, நடு நாற்காலி. வருஷா வருஷம் அவள் இடம் அதுதான். எல்லாப் பாட்டும் மனப்பாடம். மேடையில் பாட்டு தொடங்கினால் போதும், மகளுக்கு அடியெடுத்துக் கொடுப்பதுபோல் அவள் உதடு சத்தமில்லாமல் பாடும், விரல் காற்றில் தாளம் போடும்.

வரிக்குதிரை வந்தது. முன்பாதி இடப்பக்கம் திரும்பியது. பின்பாதி வலப்பக்கம்தான் போவேன் என்று அடம் பிடித்தது. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. முன்கால்கள் மண்டியிட்டு வணக்கம் சொல்ல, பின்கால்கள் பொறுமையாகக் காத்திருந்து, அலுத்துப்போய், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டன.

ஆற்றைக் கடக்கும் பாட்டில் க்ளெம்முக்கு வரி மறந்துபோயிற்று. அடுத்த கணம் வாலுக்கடியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது, மணி அடித்ததுபோல. வரிக்குதிரை பின்பக்கத்தால் பாடியது! பாடிக்கொண்டே உதைத்தது, குதித்தது, ஆற்றையும் தாண்டியது. டுலூத் தாத்தா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது.

லோரெய்ன் உதட்டை அசைக்கவே மறந்தாள். எழுந்து நின்று, "அந்தப் பின்கால் என் பொண்ணு! ரெண்டும்!" என்று கத்தினாள்.

நாடகம் முடிந்ததும் பூங்கொத்தோடு மேடைக்குப் பின்னால் ஓடினாள். வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இந்தப் பெண்ணுக்குள் இத்தனை கூத்து இருப்பது பெற்றவளுக்குத் தெரியவில்லை, வெர்னாவுக்குத் தெரிந்திருக்கிறதே.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்.

"அம்மா உங்களை ஊர் முழுக்கத் திட்டினாங்க, மிஸ் வெர்னா. நான்தான் கேட்டு வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, ஏன் கேட்டாள்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு உங்கம்மாகிட்ட நான் என்னத்தைச் சொல்ல? திட்டுதானே, வாங்கிட்டுப் போறேன்." வெர்னா சிரித்தாள். "சரி, உள்ள எப்படி இருந்தது?"

"ஒரே இருட்டு. வேர்வை. க்ளெம் பூண்டு ரொட்டி வேற தின்னுட்டு வந்திருக்கான்." டெஸ்ஸாவும் சிரித்தாள். "ஆனா அம்மா வாய் அசையறது தெரியல, மிஸ். முதல் தடவையா நான் ஒரு வரிகூட மறக்கல."