மணப்பெண்ணுக்கு முன் வந்தவள்

சாந்தியாகோவுக்கு யாத்திரையாக நடப்பவர்கள் தங்கிப்போகிற எங்கள் ஊர் மாதா கோவிலில் இன்று என் தம்பி எலாதியோவுக்குக் கல்யாணம். அம்மாவின் கையைக் கோத்தபடி பீடத்தருகே நிற்கிறான். மணப்பெண் ஆராசெலி இன்னும் வரவில்லை. கனத்த கல்சுவரின் ஒடுங்கிய சன்னல் வெளிச்சம் அவன் காலணியில் மட்டும் விழுகிறது. கதவு கிறீச்சிடுகிறது. வெயிலை முதுகில் வாங்கியபடி ஒரு பெண்ணுருவம். மணப்பெண்தான் என்று நான் ஆர்கனை வாசிக்கத் தொடங்க, எல்லோரும் எழுகிறார்கள். மறுகணமே நிறுத்திவிடுகிறேன். முதுகுப்பையும் ஊன்றுகோலும் புழுதிக் காலுமாக யாரோ ஒரு யாத்திரைக்காரி திகைத்து நிற்கிறாள்.

“மன்னிச்சிருங்க, கொஞ்சம் நிழல்ல உக்காரலாம்னு வந்தேன்.”

“எலாதியோ, இவளையே கட்டிக்கடா! உனக்காக நடந்தே வந்திருக்கா!” என்று செலெதோனியோ மாமா கத்துகிறார். சிரிப்பு வளைவுக் கூரையில் உருள்கிறது. தம்பியும் சிரிக்கிறான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவன் தோள்கள் தளர்கின்றன. அம்மா சிரிக்கவில்லை.

“வந்தது அவ இல்லன்னதும் அப்பாடான்னு மூச்சு விடுறியேடா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே கார் ஹாரன் ஒலிக்கிறது. எல்லோரும் வாசலுக்குத் திரும்புகிறார்கள். அவன் மட்டும் என்னைப் பார்த்து, வாசிக்காதே என்பதுபோல் மெல்லத் தலையசைக்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல் என் விரல்கள் கட்டைகளின் மேலேயே நிற்கின்றன. இசையே இல்லாத அமைதிக்குள் ஆராசெலி சிரித்த முகத்தோடு காலெடுத்து வைக்கிறாள்.