கபுரில் மானாப்புல்

“ஆடுகூட வாய் வெக்காத புல்லைக் கொண்டாந்து கபுர்ல நட்டீக்கிறியே, ஒனக்கு வெக்கமில்லியா ஹபீல்?”

நோன்புக்கு முந்திய துப்புரவுச் சிரமதானம். திகன மையவாடியில் மூன்று மாதமாக மழை இல்லை. பள்ளி நிர்வாகத் தலைவர் ஹாஷிம் ஹாஜியாரின் குரல் கேட்டு, மண்வெட்டியோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹாஜியாரின் வாப்பாவும் ஓட்டோ ஓட்டும் ஹபீலின் வாப்பாவும் ஒரே வாரத்தில் மௌத்தாகி இங்கே அடக்கமானவர்கள். அடுத்தடுத்து இரண்டு கபுர்கள். தலைமாட்டில் பேர் பொறிக்காத மீஸான் கற்கள். ஒன்றில் ஹாஜியார் கொழும்பிலிருந்து வரவழைத்துப் பதித்த கார்பட் புல், பவுசரில் தண்ணீர் ஊற்றியும் வைக்கோலாய்க் கிடந்தது. மற்றதில் ஹபீல் நட்ட மானாப்புல் முழங்காலளவு பச்சையாய் அசைந்தது.

“மானா வெயில் காய்ச்சலுக்குச் சாகாது ஹாஜியார். வேர் ஆழமாப் போகும். பச்சை ஈக்கிற மட்டும் மையத்துக்காக அல்லாவத் துதிச்சுத் தஸ்பீஹ் செய்யுமெண்டுதான்...”

“தஸ்பீஹ் செய்ய ஒனக்குக் காட்டுப்புல்தான் கெடச்சிச்சா? தேயிலத் தோட்டத்து ஓரத்துல சும்மா புடுங்கினதுதானே? பெத்த வாப்பாக்கும் கஞ்சத்தனம்!”

யாரோ சிரித்தார்கள். ஹபீல் தலை குனிந்தான். ஹாஜியார் கார்பட் புல் பதித்த கபுரைக் காட்டினார்.

“நான் கட்டார்ல ஈந்து வந்து, மையத்தையும் காணாம, இந்தக் கபுர்லதான் விழுந்து அழுதேன். என்ட வாப்பாக்கு நான் செஞ்சதப் பாரு. அந்த மனுசனப் பாரு, பத்தைக்குள்ள அனாதையாக் கெடக்காரு!”

ஹாஜியார் பக்கத்தில் நின்றவரின் மண்வெட்டியை வாங்கி ஓங்கினார். ஹபீல் பாய்ந்து பிடியைப் பற்றிக்கொண்டான்.

“வாணாம் ஹாஜியார். இத வெட்டினா இந்த வெயில்ல வேற ஒண்டும் மொளைக்காது. கபுர் மொட்டையாப் போகும்.”

“போகட்டும். நான் தலைவரா ஈக்கிற மட்டும் இந்தக் குப்பை இங்க ஈக்காது. விடுடா!”

ஹபீல் விடவில்லை. அவருடைய காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

“ரெண்டு மையத்தையும் கபுர்ல எறக்கினவன் நான். மூணு மாசம் கழிச்சு நீங்க வந்து என்ட வாப்பாட கபுர்ல விழுந்து அழுதீங்க, சொல்ல மனசு வரல்ல. இது ஒங்கட வாப்பா.”