மழுங்காத கத்தி

"சட்டைப் பையில வச்சுக்கிற மாதிரி மடக்குக் கத்தி காட்டுங்கண்ணே. லேசுல மழுங்கக் கூடாது."

கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார். வந்தவர் ஒவ்வொன்றாக விரித்து, சணல் கயிற்றை அறுத்துப் பார்த்தார். இரண்டு கத்திகளுக்குச் சீக்கிரமே கூர் போய்விட்டது.

மூன்றாவது கத்தி கயிற்றை வாழைத்தண்டாக நறுக்கியது. அட்டைப்பெட்டிகளைக் கிழித்த பிறகும் அப்படியே இருந்தது.

"அடேங்கப்பா! இதுல எத்தனை இருக்கு?"

"ஒரு பெட்டி நிறைய இருக்கு, தம்பி!" கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பெட்டியோட உள்ளே வச்சிடுங்க."

"என்னது?"

"மத்த ரெண்டையும் தாராளமா வித்துத் தள்ளுங்க. நாளைக்கு உங்களுக்கு எதிர்ல நான் சாணை பிடிக்கிற கடை திறக்கிறேன். என் வயித்துல அடிச்சிடாதீங்கண்ணே!"