பதின்மூன்றாவது படம்

மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் நெகடிவ்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துவது என் வேலை. அங்கே ஐம்பது வருடங்களுக்கு முன் படம் எடுத்துக்கொண்ட ஐந்து திருநங்கைகளில் மிஞ்சியிருந்த அக்கா, அடையாளம் சொல்ல வந்திருந்தார். காலையில் காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டதாகச் சொல்லி, கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்.

“இந்த உர்ருமூஞ்சி நான்தான். அஞ்சு பேருக்கும் ஒரே முத்துமாலை, கண்ணு. மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். எங்கள்ல பெரியவ மட்டும் எங்களுக்கு முகம் பார்க்கக் கண்ணாடி பிடிச்சுக்கிட்டே நிப்பா. ‘முதல்ல நீங்க உட்காருங்கடி’ம்பா. அவ முறை வர்றதுக்குள்ள ரோல் தீர்ந்துடும். அவ செத்தப்போ பெத்த வீட்டுக்காரங்க முடியை வெட்டி, ஆம்பளைச் சட்டை மாட்டி அனுப்பிட்டாங்க. அந்த முகந்தான் ஞாபகத்துல நிக்குது. ஒரு படமாவது இருக்கான்னு பாரு.”

“ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படந்தான்க்கா விழும்.”

கடைசி ரோலை எண்ணினேன். பதின்மூன்று இருந்தது. மறுபடியும் எண்ணினேன்.

பதின்மூன்றாவதை ஸ்கேன் செய்தேன். நான் அதுவரை பார்க்காத ஒருத்தி முத்துமாலையோடு, நீண்ட கூந்தலை முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் கண்ணாடி பிடித்த கை மட்டும் தெரிந்தது. சுருக்கம் விழுந்த கை. கட்டைவிரலில் பிளாஸ்டர்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சிருக்கணும் நான்,” என்றார். “மாலை கோணலா கிடக்கு, பாவம், அவளுக்குத் தெரியல.”