நாற்பத்தேழாம் இலக்கத் தகடு

"நாயின்ரை கழுத்திலை ஊசித் தகடு இருந்ததோ, இல்லையோ? அதைச் சொல்லும்."

"இருந்தது, ஐயா."

"பிறகென்ன விசர்க் கதை?"

மிருக வைத்தியர் அரியகுட்டி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எதிரே அவருடைய கம்பவுண்டர் குஞ்சித்தம்பி காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நின்றான். கெண்டைக்காலில் நான்கு பற்களின் அடையாளம். கடிபட்டு நான்கு நாள்.

கடித்தது சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் மீன் காயவைக்கும் அன்னப்பிள்ளையின் நாய். கருவாடு வாங்கப் போனவனை அது குரைக்காமலே வந்து கவ்வியது. நேற்று அதே நாய் மணலைக் கடித்து, நுரை தள்ளி, கரைவலைத் தோணிக்குக் கீழே செத்துக் கிடந்ததாம்.

"நஞ்சு தின்றிருக்கும். நேவிக்காரர் போடுற இறைச்சியைத் தின்னாத நாய் இந்தத் திருகோணமலையிலை எங்கை இருக்கு?"

குஞ்சித்தம்பி கேட்டது பெரிய காரியமில்லை. விசர்நாய்க் கடிக்கு மனிதருக்குப் போடுகிற பதினான்கு ஊசியும் கொழும்பில்தான். யுத்த காலம். துறைமுகத்தில் அரசாங்க வேலை பார்க்கிறவன் லீவுக் கடுதாசியும் பாஸும் இல்லாமல் ரயிலேற முடியாது. இரண்டிலும் டொக்டரின் கையெழுத்து வேண்டும். மாலை ரயிலுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

"இலக்கம்?"

"நாற்பத்தேழு."

டொக்டர் பதிவேட்டைத் திறந்து, விரலால் தேடி, இராகம் போட்டு வாசித்தார். நாற்பத்தேழு. அன்னப்பிள்ளை, சல்லி. கபில நிறக் கடுவன். தடுப்பூசி ஐந்து சீ.சீ. ஓரத்தில் குஞ்சித்தம்பியின் ஒப்பம், வால் சுழித்து, கலியாணக் கடுதாசியில் வைத்ததுபோல.

"உம்மடை கையை நம்பாட்டி நான் வேறை ஆரின்ரை கையை நம்புறது?"

குஞ்சித்தம்பி, டொக்டர் தள்ளிவைத்த தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தான். இறங்கியது. விசர் ஏறியவனுக்குத் தண்ணீர் இறங்காது. இந்த நான்கு நாளும் விழுங்கிய ஒவ்வொரு மிடறும் தொண்டையைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் விழுங்கினான்.

டொக்டருக்கோ அன்று பொழுது போகவில்லை. கதிரையில் சாய்ந்து, பழைய கதையை எடுத்தார்.

யப்பான்காரன் குண்டு போட்ட பங்குனியில் சனம் ஊரை விட்டு ஓடியது. நாய்கள் ஓடவில்லை. ஆளில்லாத வீடுகளில் படுத்து, குட்டி போட்டு, ஒரு வருடத்தில் ஊரையே தங்களுடையதாக்கிக்கொண்டன. யப்பான்காரனுக்குப் பயந்ததைவிட நேவிக்காரர் விசர்நாய்க்குக் கூடப் பயந்தார்கள். தடுப்பூசித் தகடு இல்லாத நாயைக் கண்ட இடத்தில் சுடுவதென்று கட்டளை வந்தது. கொமாண்டரின் சடை நாய் காரில் வந்து, மெத்தையில் படுத்து ஊசி போட்டுக்கொண்டது. ஊர் நாய்களுக்காக மருந்துப் பெட்டியையும் தகட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு குஞ்சித்தம்பி சல்லிக்குப் போனான்.

சனம் வலைக்கயிற்றில் நாய்களைக் கட்டி இழுத்து வந்தது. ஒருத்தி மீன்கூடைக்குள் பூனையை அடைத்து வந்து, அதற்கும் ஒரு தகடு கேட்டாள். ஊசி என்றதும் எல்லாரும் பின்வாங்கினார்கள். ஊசி குத்தின நாய்க்குக் குரைப்பு அடங்கிப்போகும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நாய்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க, சனம்தான் குரைத்தது.

"அண்டைக்கு வந்து நீர் நடிச்சுக் காட்டினது மறந்துபோச்சோ?" டொக்டர் குரலை ஒடுக்கி அன்னப்பிள்ளையாகவே மாறினார். "'தம்பி, இவன் குரைச்சால்தான் என்ரை கருவாடு மிஞ்சும். ஊசி வேண்டாம் ராசா, தகட்டை மட்டும் கட்டிவிடு!' அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?"

"எணை, உனக்கும் உன்ரை நாய்க்கும் மூளை ஒண்டுதான் எண்டனான்."

"சொல்லிப்போட்டு?"

"பிடிச்சுக் குத்தினனான்."

"அறுபத்திரண்டு நாய்! ஒண்டு விடாமல்!" டொக்டர் மேசையில் தட்டினார். "அப்பிடிப்பட்ட மனிசன் இப்ப அந்தச் சனத்தைவிடக் கேவலமாய் நடுங்குறீர். நீர் கொழும்புக்குப் போய் மருந்திலை பிழையெண்டு சொன்னால், நேவிக்காரன் என்னையெல்லோ கேப்பான்? போம், போய்ப் புண்ணைக் கழுவும்."

அவர் பதிவேட்டை மூடினார். பேனையின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தவர், ஏதோ நினைவு வந்தவராகச் சொன்னார்.

"கிணத்தடி வாழை நல்லாத்தான் குலை போட்டிருக்கு. உம்மடை கைராசி. என்ன பசளை வைச்சனீர்?"

குஞ்சித்தம்பியும் வாழையைப் பார்த்தான்.

அந்த வெய்யிலில் அறுபத்திரண்டு நாய்களோடு மல்லுக்கட்ட எந்த மடையனுக்கு ஏலும்? மூளையில்லாத சனம் தகட்டைத்தானே கேட்டது. தகட்டைக் கட்டிவிட்டான். குப்பியில் மருந்து மிஞ்சினால் கேள்வி வரும். திரும்பி வந்த கையோடு ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, ஒரு துளி மிச்சமில்லாமல் அந்த வாழையடியில்தான் கவிழ்த்தான்.

சொன்னால் மறியல்வீட்டுக் கம்பி. சொல்லாவிட்டால், இனி ஒரு நாள், ஒரு மிடறு இறங்காது.

சல்லிக் கரையில் இன்னும் அறுபத்தொரு தகடுகள் மினுங்கிக்கொண்டு திரிந்தன. அது அவன் நினைவுக்கு வரவேயில்லை.

காற்சட்டையை இறக்கிவிட்டான். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, முதல்லை லீவுக் கடுதாசியை எழுதித் தாங்கோ. பிறகு உங்களுக்கு ஒண்டு சொல்லுறன்."