ஞானமகள்

ஊரான் வீட்டுக் குற்றத்தைச் சொல்ல வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசி நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பெண்மணி அப்படித்தான் பேசினாள்.

தலைநகர் அசுன்சியோனில் குழந்தைகளுக்காக வழக்காடும் வக்கீல் நிடியாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்டதற்கு, வேண்டாமே என்றாள். புகார் கொடுக்கப் பெயர் கட்டாயமில்லை என்பதால் நிடியாவும் வற்புறுத்தவில்லை.

சொல்ல வந்தது இதுதான். நகரை ஒட்டிய லம்பாரேயில் மாமரம் நிற்கும் ஒரு வீடு. அங்கே அராமி என்று பதினொரு வயதுப் பெண். படிக்க வைக்கிறோம் என்று சான் பெத்ரோ பக்கத்துக் கிராமத்திலிருந்து கூட்டி வந்தார்கள். வந்த நாள் முதல் பாத்திரமும் துணியும்தான். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் அவளையும் கூட்டிக்கொண்டு புவெனஸ் ஐரிஸுக்குக் குடிபோகிறது. எல்லை தாண்டிவிட்டால் பெற்றவள் அவளைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

“ஞானமகள், ஞானஸ்நானத்துல ஏத்துக்கிட்ட புள்ளன்னு சொல்லிக்கிறாங்களா?” என்று நிடியா கேட்டாள்.

“ஆமாங்க.”

“எல்லாரும் அதான் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில முட்டி போடுவா அந்த வீட்டு மகராசி. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ள கையாலயே ஜில்லுனு தெரெரே மூலிகைத் தண்ணி வாங்கிக் குடிப்பா. தொண்டையில எப்படித்தான் எறங்குதோ.”

“அந்தப் புள்ள தூக்கத்துல அம்மாவக் கூப்பிடுறா” என்றாள் பெண்மணி. “அதுவும் மெதுவா. யாரையும் எழுப்பிடக் கூடாதுன்னு.”

பக்கத்து வீடு, ஒட்டுச் சுவராக இருக்கும், அதனால் காதில் விழுகிறது என்று நிடியா எண்ணிக்கொண்டாள். தெருவுக்கு ஒரு அண்டை வீட்டுக்காரி இப்படி இருந்தால் தனக்கு வேலையே இருக்காது என்று பாராட்டவும் செய்தாள். பெண்மணியின் முகம் இன்னும் கறுத்துப்போயிற்று.

இன்றைக்கே நீதிபதியிடம் உத்தரவு வாங்கி, காலையில் காவலரோடு போகிறேன் என்று நிடியா சொன்னதும் பெண்மணி எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“ஒண்ணு சொல்லணும் வக்கீலம்மா. அந்த வீட்டுக்காரி நல்லவ மாதிரி பேசுவா. புருஷன் பக்கத்துல நின்னா எத வேணாலும் சொல்லுவா. காதுல போட்டுக்காதீங்க. நேரா உள்ள போயிடுங்க.”

“அந்த மாதிரி மகராசிங்க எத்தனை பேரப் பாத்திருக்கேன்” என்று நிடியா சிரித்தாள்.

மறுநாள் காலை நிடியா இரண்டு காவலரோடு போய் மணியை அடித்தாள். கதவைத் திறந்தவள் அதே பெண்மணி. பின்னால் புருஷன்.

“அப்படி ஒரு பொண்ணு இந்த வீட்டுல இல்லீங்களே” என்றாள், கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றபடி.